போர் மனவடுவும் ஆன்மீகமும்: சிகிச்சையில் எங்கே சேர்ப்பது, எங்கே நிறுத்துவது

இலங்கையின் வன்னியில் புதிதாக உளவளத்துணை வேலை தொடங்கியிருக்கிறீர்கள். போரில் இழந்தவர்கள் வந்து உட்கார்ந்தால் கர்மவினை, நேர்த்தி, சாத்திரம், கனவில் வந்து தண்ணீர் கேட்கும் பிள்ளை என்றுதான் கதைக்கிறார்கள், பயிற்சியில் படித்ததில் இதற்கெல்லாம் இடமே இல்லை என்கிறீர்கள். ஆன்மீகத்தைச் சிகிச்சைக்குள் கொண்டுவரலாமா, கொண்டுவந்தால் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பது உங்கள் கேள்வி.

நீங்கள் கொண்டுவரத் தேவையில்லை. அது அவர்களோடு ஏற்கெனவே வந்து உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. அந்த ஆளுக்கு அது ஆறுதலாக இருக்கிறதா, தண்டனையாக இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை. பல நேரம் இரண்டுமாக இருக்கும்.

அமெரிக்க உளவியலாளர் கென்னத் பார்கமென்ட் இந்த வேறுபாட்டைத்தான் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். துன்பம் வரும்போது சிலர் கடவுள் தங்களோடு நிற்பதாக உணர்கிறார்கள். சிலர் கடவுள் தங்களைத் தண்டிப்பதாக, கைவிட்டுவிட்டதாக நினைக்கிறார்கள். இரண்டாவது வகை எண்ணம் மேலோங்கியவர்களிடம் மனச்சோர்வும் மனவடு (பேரதிர்ச்சி மனதில் விட்டுச்செல்லும் காயம்) அறிகுறிகளும் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே ‘சாமி கும்பிடுகிறவர், அதனால் தாங்கிக்கொள்வார்’ என்ற கணக்கு பிழை. தினமும் கோயிலுக்குப் போகிறவர் ஒவ்வொரு நாளும் தன்னைத் தண்டித்த இடத்துக்கே போய் வருகிறவராகவும் இருக்கலாம்.

இதைக் கேட்டறிய நீளமான படிவம் எதுவும் வேண்டாம். ‘இவ்வளவு நாளும் உங்களை எது தாங்கி வைத்திருக்கிறது?’ என்று தொடங்குங்கள். கோயில், மாதா, தொழுகை என்று பதில் வந்தால், ‘அங்கே போய் நிற்கும்போது மனதுக்குள் என்ன சொல்லுவீர்கள்?’ என்று கேளுங்கள். பிறகு, ‘இது நடந்ததற்கு முன்னமும் அப்படித்தான் கும்பிட்டீர்களா, இப்போது ஏதும் மாறியிருக்கிறதா?’ இந்த மூன்றாவது கேள்வியில்தான் பெரும்பாலும் விஷயம் வெளியே வரும். ‘இப்ப விளக்கு வைக்கிறன், ஆனா அம்மாளின்ர முகத்தைப் பாக்கிறேல்ல’ என்று ஒருவர் சொன்னால் ஒரு மணி நேரப் பேச்சுக்கான வாசல் திறந்துவிட்டது என்று அர்த்தம்.

‘விதி’ என்ற சொல்லைக் கேட்டவுடன் இவர் எல்லாவற்றையும் கைவிட்டுவிட்டார் என்று குறிப்பெடுக்காதீர்கள். ஷெல் விழுந்த நேரம் தான் பங்கருக்கு வெளியே பிள்ளையை விட்டதால்தான் பிள்ளை போனது என்று பதினைந்து ஆண்டுகளாக எண்ணும் தாய், ஒரு நாள் ‘அதின்ர விதி அவ்வளவுதான்’ என்று சொன்னால் அது குற்றவுணர்வு கொஞ்சம் தளர்வதன் அறிகுறியாக இருக்கலாம். அதே தாய் ‘போன பிறப்பில நான் என்ன பாவம் செய்தனோ’ என்றால் பழி திரும்பவும் தன் தலையில் விழுகிறது. கர்மா என்ற ஒரே நம்பிக்கைதான் ஒரு நாள் சுமையை இறக்குகிறது, இன்னொரு நாள் ஏற்றுகிறது. அந்த நம்பிக்கை உண்மையா பொய்யா என்று வாதாட நமக்கு உரிமையும் இல்லை, அதனால் பயனும் இல்லை. ‘இப்படி நினைக்கும்போது நெஞ்சு இறுகுதா, இளகுதா?’ என்று கேட்டால் போதும்.

இனி சடங்குக்கு வருவோம். எங்கள் மண்ணில் இந்தக் கேள்வியின் மையம் அதுதான் என்பது என் எண்ணம்.

2009 இல் முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களில் எத்தனையோ பேரின் உடலைத் துணியால் மூடக்கூட நேரம் இருக்கவில்லை. விட்டுவிட்டு ஓடினார்கள். எட்டுச் செலவு இல்லை, அந்தியேட்டி இல்லை, கீரிமலையில் சாம்பல் கரைக்கவில்லை. பிறகு முகாம். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் கூடி நின்று விளக்கேற்றி அழுவதற்கே தடை இருந்தது. அப்படி வந்தவரிடம் ‘அது உங்கள் பிழை இல்லை, அந்த நேரத்தில் வேறு என்ன செய்திருக்க முடியும்?’ என்று எண்ணங்களைத் திருத்தும் முறையில் நாம் வேலை செய்கிறோம். அது சரியான முறைதான். ஆனால் அவரைக் குடைவது ‘நான் பிழை செய்தேனா’ என்பது மட்டுமாக இருக்காது. இறந்தவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டேன் என்பதும் கூடவே இருக்கும். அது மூளை பிழையாகப் போட்ட கணக்கு இல்லை. உண்மையிலேயே நிறைவேறாமல் நிற்கும் ஒரு கடமை. கடமையைப் பேசித் தீர்க்க முடியாது, செய்துதான் தீர்க்க வேண்டும்.

அதனால்தான் கனவில் பிள்ளை தண்ணீர் கேட்கிறது என்று சொல்லும் தகப்பனிடம் கனவின் உளவியலை விளக்குவதற்கு முன், ‘இதுக்கு உங்கட ஆக்கள் என்ன செய்வினம்?’ என்று கேட்கச் சொல்கிறேன். அவருக்குத் தெரியும். படைப்பார்கள், ஆடி அமாவாசைக்குப் பிதிர்க்கடன் கழிப்பார்கள், கத்தோலிக்கராக இருந்தால் பூசை ஒப்புக்கொடுப்பார்கள். ‘ஏன் இன்னும் செய்யவில்லை?’ என்பதற்குக் கிடைக்கும் பதில்தான் சிகிச்சைக்கு உதவும். காசில்லை என்றால் அது ஒரு வகை. செய்துவிட்டால் அவன் உண்மையாகவே போய்விடுவான் என்ற பயமென்றால் அது வேறு வகை. பின்னதில் அவசரப்பட வேண்டாம். சடங்குக்கு முந்திய நாள்களில் என்ன கொண்டுபோவது, யாரைக் கூப்பிடுவது, அன்று உடம்பு நடுங்கினால் என்ன செய்வது என்று இருவருமாகப் பேசி ஆயத்தப்படுத்துங்கள். அந்தப் பேச்சிலேயே பாதித் துக்கம் இறங்கும். சடங்கு முடிந்த வாரத்தில் கட்டாயம் ஒரு சந்திப்பு வையுங்கள். எல்லாரும் போன பிறகு வரும் வெறுமையை அவர் தனியே தாங்கக்கூடாது.

காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கு இதே அறிவுரையைச் சொன்னால் அது கொடுமை. திவசம் செய்வது என்றால் செத்துப்போனான் என்று தாயே ஒப்புக்கொள்வதாகிவிடும். 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தொடங்கிய தாய்மாரின் போராட்டத்தை நினைத்துப் பாருங்கள். கோயில் வாசலில் தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, தலையில் அடித்து அழுதபடி கேட்டார்களே, அது வழிபாடும் அரசியலும் துக்கமும் பிரிக்க முடியாமல் ஒன்றாய் நின்ற இடம். ‘ஏற்றுக்கொண்டு முன்னே செல்லுங்கள்’ என்று அவர்களிடம் சொல்ல நாம் யார்? வியட்நாம் போரில் தொலைந்துபோன அமெரிக்கச் சிப்பாய்களின் குடும்பங்களோடு 1970களில் வேலை செய்த பவுலின் பாஸ், முடிவு தெரியாத இழப்பு என்று இதற்கு ஒரு தனி வகையே வகுத்தார். இதில் முடித்துவைப்பது குறிக்கோள் இல்லை என்பார் அவர். இருக்கிறான் என்பதையும் இல்லாமல் போயிருக்கலாம் என்பதையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்துக்கொண்டு வாழப் பழகுவதுதான் குறிக்கோள். பிறந்தநாளுக்கு அவன் பெயரில் அருச்சனை செய்யலாம், நாலு பேருக்குச் சாப்பாடு கொடுக்கலாம். இவை உயிரோடிருப்பவனுக்கும் செய்பவை, இறந்தவனுக்கும் செய்பவை. அப்படி இரு பக்கமும் பொருந்தும் சடங்குகளை அந்தக் குடும்பமே தேடிக்கொள்ளும். நீங்கள் குறுக்கே நிற்காமல் இருந்தால் போதும்.

சாத்திரி ‘உயிரோட இருக்கிறான், வடக்குப் பக்கம் இருக்கிறான்’ என்று சொல்லிவிட்டார், இதற்கு என்ன செய்வது என்று நீங்கள் கேட்கக்கூடும். 1990களில் மட்டக்களப்பில் அம்மன் கோயில்களில் உருவேறி வாக்குச் சொல்லும் பெண்களைப் பற்றி மானிடவியலாளர் பட்ரீசியா லோரன்ஸ் நெடுங்காலம் ஆய்வு செய்தார். பிடித்துச் செல்லப்பட்ட மகனைப் பற்றி வெளியே வாய் திறந்தால் ஆபத்து என்றிருந்த காலத்தில், அந்தக் கோயில் முற்றத்தில்தான் அவன் பெயரைச் சொல்லி அழ முடிந்தது. சாமியாடும் பெண்கள் வதைபட்டவனின் நோவைத் தங்கள் உடம்பில் வாங்கி ஆடினார்கள். எந்த மனநல நிலையமும் அந்த இடத்தில் அன்று இருக்கவில்லை. ஆகவே வாக்குக் கேட்பதை ஏளனம் செய்யாதீர்கள். அதே நேரம், ஒவ்வொரு மாதமும் காசு வாங்கிக்கொண்டு ஒரு புதிய திசை காட்டும் சாத்திரி வேறு ரகம். ‘அங்கே போய் வந்த பிறகு எத்தனை நாள் நிம்மதி? பிறகு என்ன ஆகிறது? இதுவரை எவ்வளவு செலவாகியிருக்கும்?’ என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். தாய்மார் கணக்குப் போடத் தெரிந்தவர்கள்.

சடங்கைத் திட்டமிட்டுச் சிகிச்சைக்குள் சேர்த்த முறை ஒன்றும் இருக்கிறது. சிலியில் பினோச்சேயின் இராணுவ ஆட்சிக் காலத்தில், வதைபட்டவர்கள் தங்கள் கதையைச் சொல்ல, உளவியலாளர்கள் அதைச் சாட்சியமாக எழுதிக்கொள்ளும் வழக்கம் உருவானது. பிறகு டென்மார்க்கின் உளவியலாளர் இங்கர் ஆகர் முதலானோர் இந்தியா, இலங்கை, கம்போடியா, பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகளில் உள்ளூர் அமைப்புகளோடு சேர்ந்து இதில் ஒரு நிறைவுச் சடங்கைச் சேர்த்தார்கள். சில அமர்வுகளில் கதை எழுதப்படும், வாசித்துத் திருத்தப்படும், கடைசியில் அவர் விரும்பும் மனிதர்கள் முன்னிலையில் உரக்க வாசிக்கப்பட்டு மரியாதையோடு அவர் கையில் கொடுக்கப்படும். கம்போடியாவில் கெமர் ரூஜ் ஆட்சியின் படுகொலைகளில் தப்பியவர்களுக்கு இது விகாரையில், பிக்குமார் முன்னிலையில் நடந்தது. வெட்கமாக உள்ளே புதைந்து கிடந்த ஒன்றை ஊரும் தெய்வமும் கேட்க எடுத்து வைக்கும்போது அது வெட்கமாக இருப்பது நின்றுவிடுகிறது. தனி அறைக்குள் இருவர் மட்டும் பேசினால் இது கிடைப்பது அரிது. வன்னியில் இதைச் செய்வதென்றால் பாதுகாப்பை முதலில் யோசியுங்கள். யார் கேட்கிறார்கள், எழுதிய தாள் பிறகு எங்கே இருக்கும், வெளியே போனால் என்ன நடக்கும் என்பவை எங்கள் நாட்டில் சிறிய கேள்விகள் இல்லை.

உடம்பைப் பற்றி. பேராசிரியர் தயா சோமசுந்தரம் யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பல ஆண்டுகள் மனநல வைத்தியராக இருந்தவர். இறக்குமதி செய்த தளர்வுப் பயிற்சிகளை விட ஆட்களுக்குப் பழக்கமான மூச்சுப் பயிற்சி, சாந்தி ஆசனம், செபம் ஆகியவை இலகுவில் ஒட்டும் என்று கண்டு அவற்றையே சொல்லிக் கொடுத்தார். சைவருக்கு ஓம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குத் திக்ர், பௌத்தருக்குப் புத்தம் சரணம். தாள கதியில் திரும்பத் திரும்ப வரும் சொல், நீளும் வெளிமூச்சு, ஓரிடத்தில் நிற்கும் கவனம் எல்லாம் இவற்றில் ஏற்கெனவே இருக்கின்றன. யோகாவுக்குத் தனியாகவும் கொஞ்சம் சான்று உண்டு. வேறு சிகிச்சைகளுக்கு இறங்காத மனவடு கொண்ட 64 பெண்களை வைத்து பெசல் வான் டெர் கோல்க் குழு 2014 இல் வெளியிட்ட ஆய்வில், 10 வார யோகா வகுப்புக்குப் பிறகு ஏறக்குறையப் பாதிப் பேர் மனவடு நோய் என்ற வரையறையிலிருந்து வெளியே வந்திருந்தார்கள். ஒப்பீட்டுக் குழுவில் ஐந்தில் ஒரு பங்கினரே அப்படி வந்தார்கள். சிறிய ஆய்வுதான், கவனிக்கத் தக்கது.

ஆனால் கண்ணை மூடித் தியானம் செய் என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிடாதீர்கள். மனவடு உள்ளவர் கண்ணை மூடினால் அமைதி வருவதற்குப் பதில் அந்த நாளே வந்து நிற்கலாம். கண்ணைத் திறந்தபடி, காலை நிலத்தில் ஊன்றி, விளக்கையோ வாசலில் நிற்கும் வேம்பையோ பார்த்தபடி இரண்டு நிமிடம் தொடங்குங்கள். வதைமுகாமில் மூச்சுத் திணற வைக்கப்பட்டவருக்கு மூச்சை அடக்கும் பயிற்சி வேண்டவே வேண்டாம். திருவிழாவுக்குப் போகாமல் ஒதுங்குகிறவரிடம் நம்பிக்கை போய்விட்டது என்று முடிவு கட்டாமல் வெடிச்சத்தத்தைப் பற்றி விசாரியுங்கள். அவர் ஒதுங்குவது வாணவெடிக்குப் பயந்து மட்டும்தான் என்று பலமுறை தெரியவரும்.

இன்னொன்று, பயிற்சிகளில் யாரும் சொல்லித்தராதது. எங்கள் நாட்டில் வழிபாட்டிடமே கொலைக்களமாகியிருக்கிறது. 1990 ஆகஸ்ட் 3 இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். 1995 ஜூலை 9 இல் நவாலி புனித பேதுருவானவர் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்தவர்கள் மேல் குண்டு விழுந்தது. 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகளும் இறந்தார்கள். அப்படித் தப்பியவருக்கு ‘செபம் செய்யுங்கள், ஆறுதலாக இருக்கும்’ என்பது வெந்த இடத்தில் கை வைப்பது. அவருக்கு அந்த வாசலைத் தாண்டுவதே சிகிச்சையின் பிந்திய கட்டத்தில் வரும் வேலை. முதல் நாள் வீதியில் நின்று பார்த்துத் திரும்புதல், பிறகு ஆளில்லாத நேரத்தில் முற்றம், பிறகு கடைசி வாங்கில் கதவருகே ஓரிடம் என்று படிப்படியாகப் போகலாம். அல்லது அவர் திரும்பவே வேண்டாம் என்று முடிவெடுக்கலாம். அதுவும் குணமடைந்த மனிதர் எடுக்கக்கூடிய முடிவுதான்.

சமயம் தானே காயம் செய்யும் இடங்களையும் கண்டுகொள்ள வேண்டும். பாலியல் வன்முறைக்குள்ளான பெண், தான் துடக்கு என்று நினைத்துக் கோயில் படியேறாமல் இருப்பார். ‘துடக்கு என்று ஒன்றும் இல்லை’ என்று நீங்கள் சொன்னால் அது உங்கள் கருத்து, அவ்வளவுதான். அவர் மதிக்கும் ஒரு மூத்த பெண்ணோ, விஷயம் விளங்கிய ஐயரோ ‘வா பிள்ளை, உள்ளே வா’ என்று சொன்னால் அதன் கனம் வேறு. அவருடைய சம்மதத்தோடு, எதைச் சொல்லலாம் எதைச் சொல்லக்கூடாது என்று அவரோடு தீர்மானித்துவிட்டு, அப்படி ஒருவரைத் தேடுங்கள். விதவைகளைக் கலியாணப் பந்தலில் பின்னே தள்ளும் வழக்கமும் இந்தக் கணக்கில்தான் வரும். மன்னிப்பைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. ‘மன்னித்துவிடு, மனம் லேசாகும்’ என்று போதகரும் சொல்வார், சில சிகிச்சையாளர்களும் சொல்வார்கள். செய்தவன் குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் இல்லை, நீதிமன்றம் கேட்கவும் இல்லை என்ற நிலையில் மன்னிப்பைத் தூண்டுவது, பாதிக்கப்பட்டவர் மேல் இன்னொரு கடமையைச் சுமத்துவதாகும். ஆத்திரத்துக்கும் எங்கள் மரபில் தெய்வம் உண்டு. வைகாசி விசாகத்தில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகும் பெண்கள், நீதி கேட்டு நகரை எரித்தவள் முன்னால் நிற்கிறார்கள், அடங்கியிரு என்று சொல்லும் ஒருத்தி முன்னால் அல்ல.

தியானம், பக்தி என்ற பெயரில் துக்கத்தைத் தாண்டி ஓடுவதும் உண்டு. ‘எல்லாம் மாயை, எனக்கு இப்ப ஒரு கவலையும் இல்லை’ என்று சிரித்தபடி சொல்கிறவர் இரவில் தூங்குகிறாரா, பிள்ளைகளோடு கதைக்கிறாரா என்று கேளுங்கள். ஜோன் வெல்வுட் என்ற உளவியலாளர் 1980களில் இதற்கு ஒரு பெயரே வைத்தார், ஆன்மீகத்தைச் சுற்றுவழியாக்கித் துக்கத்தைத் தவிர்ப்பது என்ற பொருளில்.

அடித்தல், கட்டிவைத்தல், பட்டினி போடுதல், குளிசையை நிறுத்தச் சொல்லுதல் ஆகிய நான்கில் ஒன்று நடந்தாலும் அது குணப்படுத்தும் இடம் அல்ல, எந்தச் சமயத்தின் பெயரில் நடந்தாலும் சரி. 2001 ஆகஸ்ட் 6 இல் தமிழ்நாட்டின் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளர் தீயில் கருகிய பிறகு இதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை. ஆனால் அதே தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசுவாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரை ரகுராம் முதலான ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது, மருந்தோ தனிச் சடங்கோ இல்லாமலே நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. அடக்குமுறை இல்லாத, கனிவான ஒரு சூழல் அது என்பதுதான் அவர்கள் காட்டிய காரணம். அவர்கள் பார்த்தது பெரும்பாலும் கடுமையான மனநோய்களை, மனவடுவை அல்ல. இருந்தாலும் ‘கோயில் நல்லதா கெட்டதா’ என்ற கேள்வியே பிழை, அங்கே ஆளை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்பதற்கு இவ்விரண்டும் போதும்.

ஆன்மீகத்தால் மனவடு நோய் குணமாகுமா என்று நேராகக் கேட்டால், அந்த அளவுக்குச் சான்று இல்லை என்பதே என் பதில். அமெரிக்காவில் ஐரீன் ஹாரிஸ் குழு 138 முன்னாள் படையினரை வைத்து 2018 இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. ஆன்மீகத்தை மையமாக வைத்த குழுச் சிகிச்சையும் சாதாரண குழுச் சிகிச்சையும் மனவடு அறிகுறிகளை ஒரே அளவில் குறைத்தன. ஆனால் கடவுளோடு உள்ள மனஸ்தாபம், கைவிடப்பட்ட உணர்வு ஆகியவை ஆன்மீகக் குழுவில்தான் கூடுதலாகத் தணிந்தன. ஆகவே திடுக்கிட்டு விழிப்பது, காட்சி திரும்ப வருவது, ஒதுங்குவது ஆகியவற்றுக்கு நீங்கள் படித்த மனவடுச் சிகிச்சை முறைகளை விட்டுவிடாதீர்கள். வெட்கம், குற்றவுணர்வு, துக்கம், ‘ஏன் எனக்கு’ என்ற கேள்வி இவற்றுக்கு ஆன்மீகத்தின் கதவையும் திறந்து வையுங்கள். அமெரிக்க மனநல வைத்தியர் ஜூடித் ஹெர்மன் 1992 இல் வகுத்த வரிசை இங்கேயும் உதவும். முதலில் பாதுகாப்பு, பிறகு நினைவுகூர்ந்து அழுதல், பிறகு மீண்டும் மனிதரோடு சேர்தல். வீட்டில் அடி வாங்கிக்கொண்டிருக்கிற பெண்ணுக்கு ஆன்மீகமும் வேண்டாம், தியானமும் வேண்டாம். முதலில் அந்த அடி நிற்க வேண்டும்.

உங்கள் சொந்த நம்பிக்கை அறைக்கு வெளியே இருக்கட்டும். திருநீறு பூசிக்கொண்டு இருப்பதில் தவறில்லை, ஆனால் எதிரே இருப்பவர் என்ன சமயம் என்று பெயரை வைத்து ஊகிக்காதீர்கள். போருக்குப் பின் புதிய கிறிஸ்தவ சபைகளில் சேர்ந்தவர்கள் வன்னியில் நிறையப் பேர். ஒரே குடும்பத்தில் தாய் சைவம், மகள் சபை, தகப்பனுக்கு எதுவும் இல்லை என்றும் வருவார்கள். நம்பிக்கையே இல்லாதவரிடம் இந்தப் பேச்சு வேண்டியதில்லை. இயக்கத்தில் இருந்து வந்த பலருக்கு மாவீரர் நாள் விளக்குத்தான் உள்ள ஒரே சடங்கு, அதையும் அதே மரியாதையோடு கேளுங்கள். அவர் உங்களைத் தன்னோடு சேர்ந்து செபிக்கக் கேட்டால், ‘நீங்கள் சொல்லுங்கள், நான் பக்கத்தில் இருக்கிறேன்’ என்று மௌனமாக இருப்பது பெரும்பாலும் போதுமானது. கோயிலுக்குக் கூட வரச் சொன்னால், மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு, சிகிச்சையில் அதற்கு ஒரு காரணம் இருந்தால் மட்டும் போங்கள். போனால் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

கடைசியாக விரதம். கந்தசஷ்டி ஆறு நாளும் தண்ணீரோடு மட்டும் இருப்பவர்கள் குளிசையையும் சேர்த்து நிறுத்திவிடுவார்கள், யாரிடமும் சொல்லவும் மாட்டார்கள். நோன்பு மாதத்திலும் இதே கதைதான். மனச்சோர்வுக்கான மருந்தைத் திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றும் பதற்றமும் வரும், அவர் அதை முருகனின் கோபம் என்று எடுத்துக்கொள்ளலாம். மனநிலை ஏற்ற இறக்கத்துக்குக் கொடுக்கும் லிதியம் எடுப்பவராக இருந்தால், உடம்பில் நீர் குறையும்போது அந்த மருந்தே நஞ்சாகிவிடும். ஐப்பசி பிறந்தவுடன், நோன்புக்கு ஒரு மாதம் முந்தியும், குளிசை எடுக்கும் ஒவ்வொருவரிடமும் விரதம் பிடிக்கப் போகிறீர்களா என்று கேட்டு வைத்தியருக்குச் சொல்லுங்கள். நேரத்தை மாற்றிக் கொடுக்க முடிகிற மருந்தென்றால் மாற்றிக் கொடுப்பார், முடியாததென்றால் பால் பழத்தோடு விரதம் இருக்கலாம் என்று ஐயரைக் கொண்டும், நோயாளிக்கு நோன்பிலிருந்து விலக்கு உண்டு என்று மௌலவியைக் கொண்டும் சொல்ல வைக்கலாம்.